பிரேக்கின் மேல் போட்ட பழி

பிர்னோ, நவம்பர் 6, 2022

அண்ணா,

பெட்டியைத் திறந்ததும் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிட்டு பிரேக் பெடலைத்தான் தூக்கியிருப்பாய். பரவாயில்லை, மாட்டி முடித்தபின் படி. ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்: இதைப் பழைய மரப்பலகையில் திருகாதே. நீ மிதிக்கிற மிதிக்குப் பலகை பிளந்துவிடும். ஆகஸ்டில் நாம் சேர்ந்து அறுத்து வைத்த அலுமினியச் சட்டம் நிலவறையில் கிடக்கிறது. ரூஜா அண்ணி அதன் மேல் உருளைக்கிழங்கு மூட்டையைச் சாய்த்து வைத்திருந்தார். அதை எடுத்துப் பந்தய இருக்கையோடு சேர்த்து முடுக்கு.

கேட்காமல் வாங்கிவிட்டேன் என்று கோபப்படாதே. வியாழக்கிழமைக் கணினிப் பந்தயத்தில் நம் இருவருக்கும் ஒரே கார், பாதி நீ, பாதி நான். நான் இங்கே என் அறையில் ஹெட்செட்டைப் போட்டால் இஞ்சின் சத்தத்துக்கு மேல் உன் பிளாஸ்டிக் பெடல் கத்துவதுதான் கேட்கிறது. நம் பந்தய லீக்கில் அதற்கு 'லியூபெனின் வாத்து' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உனக்குத் தெரியாது. ஓட்டும்போது உன் காதில் எதுவும் விழாது.

பழைய பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பார்க்கும். இது எவ்வளவு பலமாக அழுத்துகிறாய் என்று பார்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எல்லாமே மாறிவிடும். அதிகம் நகராது, கெட்டியான ரப்பரை மிதிப்பதுபோல இருக்கும். முதல் வாரம் என்னைத் திட்டுவாய். பிறகு பாதம் தானாகவே கற்றுக்கொள்ளும். நான் வாங்கிய பிறகு என் சுற்று நேரம் எப்படிக் குறைந்தது என்று நீயே பார்த்தாய். நான் பகலெல்லாம் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவள். நீ மலைச்சாலையில் நிஜப் பேருந்தை ஓட்டுகிறவன். உனக்கு இது இன்னும் நன்றாக வரும்.

ஜனவரிக் கடைசியில் பன்னிரண்டு மணிநேரப் பந்தயம் இருக்கிறது. இந்த முறை முதல் ஐந்து இடத்துக்குள் வராவிட்டால் நான் அந்தக் காரை விட்டே இறங்கிவிடுவேன், பார்.

இதை ஹெட்செட்டில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், அங்கே எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் குடும்ப விஷயம் பேச அது இடமில்லை. பெடலை மாட்டாமல் போட்டுவைத்தாயானால் உன் படத்தை லீக்கில் எல்லோருக்கும் அனுப்புவேன். ஆகஸ்டில் தக்காளிக் கூடையோடு தோட்டத்திலிருந்து ஒற்றைச் செருப்பில் வந்து நின்றாயே, அந்தப் படம். 'இன்னொண்ணு எங்கங்க?' என்று அண்ணி கேட்ட பிறகுதான் நீ குனிந்தே பார்த்தாய்.

உன் நெவேனா

*

ட்ரோயன், டிசம்பர் 4

நெவேனா,

நான் போனை எடுக்கவில்லை, ஹெட்செட்டில் வரவில்லை என்று ரூஜாவிடம் குறைபட்டாயாம். நீ எழுதித்தானே ஆரம்பித்தாய், நானும் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை லீக் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினாய். 'அண்ணா, பிரேக்! பிரேக் போடு!' ஏதோ நான் நேற்றைக்குத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் மாதிரி. அப்போது நான் பிரேக்கில்தான் இருந்தேன். இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கார் நிற்கவில்லை. முன்னால் போன செர்பியக்காரனின் பின்பக்கத்தில் போய் முட்டியது, இரண்டு பேரும் மணலில். நீ அவனிடம் மன்னிப்புக் கேட்டாய். 'எங்க அண்ணன் புதுப் பெடலுக்கு இன்னும் பழகல' என்றாய். என் பேரில் மன்னிப்புக் கேட்க நான் உன்னை வைத்திருக்கிறேனா?

பழகுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அது கெட்ட சாமான். மிதித்தால் ஒன்று சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்கிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே பிடிப்பதில்லை. நடுவில் எதுவும் இல்லை. பழையதில் முழங்கால் எவ்வளவு இறங்கியது என்று எனக்குத் தெரியும், அதை வைத்து மிதிப்பேன். இதில் ஒரு சுவரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஏமாந்து வாங்கியிருக்கிறாய்.

இந்த மாதம் எனக்கு எந்தப் பிரேக்கும் சரியில்லை. பேருந்திலும் அதே கதை. சந்தை நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் நடைமேடையில் ஏறி, உட்காரும் பெஞ்சைச் சாய்த்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஒரு அம்மாள் அப்போதுதான் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தாள். டிப்போவில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன எழுதுவது. பிரேக் பார்க்கிறவன் தோப்ரி. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் எந்நேரமும் கைபேசியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறவன், கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

பழைய பெடலை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ரூஜா தூக்கிப் போட்டிருப்பாள் என்று சந்தேகம்.

லியூபென்

*

பிர்னோ, டிசம்பர் 12

அண்ணா,

கத்தியது தப்பு. ஆனால் நீ பிரேக் போடவே இல்லை, அதனால்தான் கத்தினேன்.

பெடல் கெட்ட சாமான் இல்லை. அதே பெடலைத்தான் நானும் மிதிக்கிறேன். ஒரு வேளை உனக்கு ரப்பர் கெட்டியாக இருக்கலாம். பெட்டியில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு விதமான ரப்பர் துண்டுகள் இருக்கும். கறுப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பைப் போடு, அது மெத்தென்று இருக்கும். திரையில் அளவுகள் வைக்கும் இடத்தில் முழு பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்று கேட்கும், அதைப் பாதியாகக் குறை. அப்புறம் அந்த வேலைப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உட்காராதே. சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டு. பாதத்துக்கு அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கணினி ஒரு பதிவு வைத்திருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு மிதித்தாய் என்பது கோடாக வரும். அந்தக் கோப்புகளை அண்ணியின் மின்னஞ்சலில் இருந்து அனுப்பச் சொல். எங்கே தவறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். உன்னைத் திட்டுவதற்கு இல்லை.

எனக்கும் மனசு இருக்கிறது. ஒரு பொருளை ஆசையாக வாங்கி அனுப்பினால், நன்றி வேண்டாம், ஏமாந்து வாங்கினாய் என்று எழுதாமலாவது இருக்கலாம். அப்பாவும் இப்படித்தான். அவர் கையில் எது உடைந்தாலும் அதைச் செய்தவன் தப்பு.

தோப்ரி விஷயம் எனக்குச் சரியாகப் புரியவில்லை. கிரீஸ் பட்டு மூக்கு நுனி எப்போதும் கறுத்திருக்குமே, உன் கல்யாணத்தில் அழுதுகொண்டே ஆடினாரே, அந்தத் தோப்ரியா? அவர் பிரேக் பார்க்காமல் வண்டியை வெளியே விடுகிறவர் என்று எனக்குத் தோன்றியதில்லை. வண்டியைப் பரிசோதித்தார்களா? என்ன குறை என்று சொன்னார்களா?

நெவேனா

*

ட்ரோயன், டிசம்பர் 27

நெவேனா,

நீ சொன்னபடியே செய்தேன். சிவப்பு ரப்பர் போட்டேன், பாதியாகக் குறைத்தேன், சாக்ஸோடு உட்கார்ந்தேன். என்ன கிடைத்தது, சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ரூஜா மேஜையில் அவரைக்காய் சூப், திணித்த மிளகாய், கொடிமுந்திரி எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். எழுந்து போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். 'என்னங்க இது, ரத்தமா?' என்றாள். அறையிலிருந்து மேஜை வரைக்கும் நான் வைத்த ஒவ்வொரு அடியும் தரையில் இருந்தது. உன் அருமைப் பெடலின் தகட்டில் ஓரம் தேய்க்காமல் விட்ட பிசிறு ஒன்று இருக்கிறது. அது சாக்ஸைக் கிழித்து உள்ளங்காலையும் கிழித்திருக்கிறது. இவ்வளவு நேரம் அதன் மேல்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பண்டிகை நாளில் ரூஜா முழங்கால் போட்டுத் தரை துடைத்தாள், சூப் ஆறிப்போயிற்று. இதைத்தான் ஆசையாக அனுப்பினாய்.

வலித்ததா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். விளையாட்டு மும்முரத்தில் தெரியவில்லை என்றேன். அதற்குப் போய் ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

கோப்புகளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொள். அதில் உன் பெடலின் லட்சணம் தெரியும்.

தோப்ரியைப் பற்றி நீ கேட்க வேண்டியதில்லை. வண்டியைப் பரிசோதித்தார்கள், குறை இல்லை என்றுதான் வந்தது. அதனால் என்ன, சில குறை ஓடும்போது மட்டும் வரும், நிறுத்தி வைத்தால் வராது. பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவன் சொல்வதை நம்பினார்கள். நேற்று ரொட்டிக் கடையில் அவனைப் பார்த்தேன். வணக்கம் சொன்னேன். அவன் எனக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய பெண்சாதி என் காதில் விழும்படி ஏதோ சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

பன்னிரண்டு மணிநேரப் பந்தயத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

லியூபென்

*

பிர்னோ, ஜனவரி 8, 2023

அண்ணா,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. முழுவதும் படி. நடுவில் கசக்கிப் போடாதே.

கோப்புகளைப் பார்த்தேன். ஒரு முறை பார்த்துவிட்டு நம்பாமல் மறுபடி பார்த்தேன். என் கோடு எப்படி இருக்கும் தெரியுமா? வளைவுக்கு முன்னால் மேலே ஏறி, பிறகு மெல்லச் சரிந்து வரும். எல்லோருக்கும் அப்படித்தான். உன் கோடு சுவர் மாதிரி நிற்கிறது. அடியில் இருந்து உச்சிக்கு ஒரே தாவல், பிறகு உச்சியிலிருந்து கீழே. அதைக்கூட விடு. நேரான சாலையில், வேகம் எடுக்க வேண்டிய இடத்தில், உன் கால் பிரேக்கின் மேல் கிடக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம், நேர்ச்சாலை முழுவதும். நீ காலை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது எடுக்கப்படவில்லை. செர்பியக்காரனை முட்டிய இடத்தில் நேர்மாறு. அங்கே நீ மிதிப்பதாக நினைத்திருக்கிறாய். கோட்டில் ஒன்றும் இல்லை. உன் கால் பெடலில் இல்லவே இல்லை, அண்ணா.

பழைய பதிவுகள் என்னிடம் இருக்கின்றன, நாம் சேர்ந்து ஓட்டியதெல்லாம். முன்பு உன் கோடு என் கோட்டைவிட அழகாக இருந்தது. போன வசந்தத்திலிருந்து சிதற ஆரம்பித்திருக்கிறது. பழைய பெடலில் முழங்காலை வைத்துச் சமாளித்திருக்கிறாய், அதனால் யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பெடலுக்குப் பாதம் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி வேண்டும்.

ஒற்றைச் செருப்போடு சரளைக்கல் மேல் நடந்து வந்தாயே. நாம் சிரித்தோம். உள்ளங்கால் கிழிந்து சூப் மேஜை வரைக்கும் ரத்தத்தோடு நடந்தாயே. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், உன்னிடம் சொல்லப் பயப்படுகிறார்.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறாயா? கடைசியாக எப்போது போய்க் காட்டினாய்?

அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை நேற்று முழுக்க மேஜையில் வைத்திருந்தேன். சந்தை நிறுத்தத்தில் வண்டி நடைமேடையில் ஏறியபோது உன் கால் எங்கே இருந்தது? என் பெடலைக் குறை சொன்னாய், அதில் குறை இல்லை. தோப்ரியின் பிரேக்கைக் குறை சொன்னாய், அதிலும் இல்லை என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் எழுந்திருக்காமல் இருந்திருந்தால்?

டாக்டரைப் பார். பார்க்கிற வரைக்கும் பேருந்தை எடுக்காதே. காய்ச்சல் என்று சொல், முதுகு வலி என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். எடுக்காதே. டாக்டர் ஒன்றுமில்லை என்றால் நான் நேரில் வந்து லீக் முழுக்கக் கேட்கும்படி உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நெவேனா

*

ட்ரோயன், ஜனவரி 17

நெவேனா,

நீ பல் செய்கிறவள். அதுவும் செத்த பல். உயிருள்ள காலைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

ஒரு விளையாட்டுச் சாமானிலிருந்து வந்த கோட்டைப் பார்த்துவிட்டு எனக்குத் தீர்ப்பு எழுதுகிறாய். இந்த வாரம் பெலி ஓசம் மலை ஏற்றத்தில் பனிச்சேற்றில் வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். யாரும் சாகவில்லை. இறங்கும்போது இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். என் கால் எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் எல்லோருக்கும் கால் மரத்துப்போகும்.

ரூஜாவிடம் நீ தனியாகப் பேசியிருக்கிறாய். நேற்று அவள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறாள். கண்ணைத் திறந்து பார்த்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுகிறாள். என் வீட்டுக்குள் இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு அங்கே நீ நிம்மதியாக இருக்கிறாய்.

இந்த வண்டியை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் நான் யார் என்று யோசித்தாயா? இந்த ஊரில் என்னை 'ஓட்டுநர் லியூபென்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெறும் லியூபென் என்று ஒருத்தனை யாருக்கும் தெரியாது.

தோப்ரி பெயரை இனிமேல் எனக்கு எழுதாதே. வெளியே யாரிடமாவது வாயைத் திறந்தாயானால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை.

லியூபென்

*

பிர்னோ, ஜனவரி 26

அண்ணா,

திறந்துவிட்டேன்.

உங்கள் டிப்போ மேலாளருக்கு நேற்றுக் கடிதம் போட்டேன். என் பெயரும் விலாசமும் போட்டுத்தான் எழுதினேன். பழைய பதிவுகளும் புதிய பதிவுகளும் வைத்தேன். செருப்பு, ரத்தம், எல்லாம் எழுதினேன். பிரேக் பிடிக்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தது உண்மையாக இருக்க முடியாது என்றும், தோப்ரியின் மேல் தவறில்லை என்று நான் நம்புவதாகவும் எழுதினேன். வேறு யார் வாயிலிருந்தோ கேட்டு நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று இதையும் உடனே எழுதுகிறேன்.

முதலில் காத்திருந்து பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அண்ணியோடு பேசினேன். டாக்டரிடம் போகலாம் என்று அவர் சொன்னதற்கு நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டாயாம். அன்றைக்கு உன் வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பனிச்சறுக்குக்குப் போனார்கள் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு என்னால் காத்திருக்க முடியவில்லை.

நீ என்ன செய்வாய் என்று தெரியும். எழுத மாட்டாய். அப்பா செத்த அன்றைக்கு நாம் இருவரும் அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது, இனி நம் பக்கத்தில் நாம் இரண்டு பேர்தான் என்று சொன்னாய். அந்த ஒருத்தியையும் நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுதவில்லை, ஏனென்றால் நாளைக்கே மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன்.

பன்னிரண்டு மணிநேரப் பந்தயத்திலிருந்து நம் காரை எடுத்துவிட்டேன். வேறு ஆளோடு ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

நெவேனா

*

ட்ரோயன், ஏப்ரல் 2

நெவேனா,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். ரூஜாதான் தாளை எடுத்து வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாள்.

உன் கடிதம் மேலாளர் கைக்கு வந்த அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சோதனைக்கு பிளெவென் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பேருந்தில்தான் போனேன், பயணியாக. ஓட்டியவன் புதுப் பையன், என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

டாக்டர் ஒரு பெண். நம் வயதுதான் இருக்கும். படுக்கச் சொன்னாள், கண்ணை மூடச் சொன்னாள். 'காலத் தொடுவேன், தொட்டது தெரியும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க' என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவள் ஏதோ எழுதுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம்தான் இந்த டாக்டர்கள் காக்க வைப்பார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

'ஆரம்பிங்க டாக்டர்' என்றேன்.

'முடிஞ்சிருச்சு' என்றாள்.

கண்ணைத் திறந்தேன். கையில் ஒரு மெல்லிய நைலான் இழை வைத்திருந்தாள். அதைக் காட்டினாள், எங்கெல்லாம் குத்தினாள் என்றும் காட்டினாள். வலது காலில் ஒரு இடத்தில்கூட நான் ஆமாம் சொல்லவில்லை. இடது காலிலும் அப்படித்தான். மாத்திரையை நிறுத்தி எவ்வளவு காலம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. உணர்ச்சி திரும்பி வராது, இருக்கிற காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாள். உரிமத்தை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

தோப்ரிக்கு ஆள் அனுப்பி வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. என் வீட்டுக்கு வந்தான். ரூஜா ரக்கியாச் சாராயம் ஊற்றி வைத்தாள், அவன் தொடவில்லை. தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து பந்தய இருக்கை இருக்கிற அறைக்குப் போனான். கேட்காமலே உட்கார்ந்தான். ஊரில் எல்லோருக்கும் இந்தப் பெடல் கதை தெரிந்துவிட்டது, உன் புண்ணியம். திரையைப் போடச் சொன்னான், போட்டேன். மிதித்தான். மெதுவாக, பிறகு பலமாக, பிறகு விரல் நுனியால் தொடுகிற மாதிரி. திரையில் அழுத்தத்தைக் காட்டுகிற பட்டை அவன் மிதித்தபடியெல்லாம் ஏறி இறங்கியது. நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு ஒரு நாளும் அப்படி அசையவில்லை.

'இதுல குறை ஒண்ணும் இல்லையே, லியூபென் அண்ணே' என்றான்.

அவன் எழுந்தான். என்னால் அவன் வேலை போனது பரவாயில்லை என்றான். பிரேக் பார்க்காமல் வண்டி விட்டவன் என்று அவன் மகளிடம் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை என்றான். டிப்போவில் ஓட்டுநர்கள் எல்லாரும் இருக்கும்போது நான் என் வாயால் சொன்னால்தான் அவன் திரும்பி வருவானாம், மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற காகிதத்துக்காக வரமாட்டானாம்.

அவன் கேட்டதை ஒரு வாரம் ரூஜாவிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். அவரைக்காய் சூப் வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும், எப்போதும் போல. எல்லாரும் இருந்தார்கள். தோப்ரி ஓரத்தில் இருந்தான், சாதாரண உடையில். நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன். நீளமாகப் பேச நினைத்திருந்தேன், வரவில்லை.

'அன்னைக்கு பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. என் கால்தான் சரியில்ல. மிதிச்சேன்னு நெனச்சேன், மிதிக்கல. தோப்ரி மேல பழிய நான்தான் போட்டேன்.'

ஒருத்தன் மறுபடி கரண்டியை எடுத்தான், மற்றவர்களும் எடுத்தார்கள். தோப்ரி எழுந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பட்டறைக்குப் போனான். என்னைத் தாண்டித்தான் போனான். தோளால் இடிக்கவும் இல்லை, நின்று பேசவும் இல்லை. அவன் எழுந்த இடம் மட்டும்தான் பெஞ்சில் காலியாக இருந்தது. யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று கொஞ்சம் நின்றேன். பிறகு வெளியே வந்து நடந்தே வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போனதும் ரூஜா என் பூட்ஸைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது தினமும் அதுதான். எனக்கு வலிக்காததால் அவள் பார்த்துச் சொன்னால்தான் காயம் இருக்கிறதா என்று தெரியும்.

நீ செய்தது சரி. இதை ஒரு முறை எழுதிவிட்டேன், இனிமேல் என்னிடம் எதிர்பார்க்காதே. சரியானதைச் செய்வதற்கு முன்னால் நீ ஒரு ரயிலைப் பிடித்து வந்து என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். காகிதத்தில் எழுதி மேலாளருக்கு அனுப்பினாய். நீ வந்திருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று கேட்காதே. தெரியாது. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வந்திருக்கலாம்.

ஈஸ்டர் பண்டிகைக்கு உன்னை வரச் சொல்லி எழுதும்படி ரூஜா சொன்னாள். முட்டைக்குச் சாயம் வாங்கிவிட்டாளாம், உன் அறையில் படுக்கை விரித்துவிட்டாளாம். அவள் சொன்னதை எழுதிவிட்டேன்.

நான் சொல்லவில்லை.

லியூபென்